திராட்சைப் பாதையில் நின்ற வீடு

ரோமாபுரிக்குத் திருயாத்திரை வந்த பங்கு மக்கள் நாற்பத்திரண்டு பேரில் நாற்பது பேர் ஜெபமாலையும் மாதா சுரூபமும் வாங்கிக்கொண்டு ஊருக்கு விமானம் ஏறிவிட, மிச்சமிருந்த இஞ்ஞாசியும் அவர் மனைவி அமலோற்பவமும் ரயிலில் மூன்று மணி நேரம் வடக்கே போய், ஒரு சின்ன வெள்ளைக் காரை வாடகைக்கு எடுத்து, பழக்கமில்லாத வலது ஓரத்தில் மெதுவாக உருட்டி, குன்றுகளுக்கு நடுவே ஒரு கல்வீட்டின் முன்னால் செப்டம்பர் மாதத்து மாலை வெயிலில் வந்து இறங்கினார்கள். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடும் வீடு அது. பத்து நாளைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு அறை, ஒரு பெரிய சமையற்கட்டு, கருங்கல் போட்ட முற்றம், முற்றத்தில் ஒரு அத்திமரம். எதிரே குன்றின் உச்சியில் சதுரக் கோபுரத்தோடு காஸ்தெல்வெர்னா என்ற ஊர், தேன்கூடு மாதிரி ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகளை அடுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரி ஒத்தாவியா சாவியைக் கொடுத்தாள். அடுப்பு பற்றவைக்கும் விதத்தையும், குப்பையை எந்தக் கிழமை எந்த நிறப் பையில் போட வேண்டும் என்பதையும் சொன்னாள். அதே குரலில், வீடு சில நாள் இடம் மாறும், பொழுது சாய்ந்தபின் கொடியில் துணி கிடக்க வேண்டாம், வழியில் எங்கேயாவது விழுந்தால் தேடிப்போக ஆள் கிடையாது, படுக்கை விரிப்பு மாற்ற வியாழக்கிழமை வருவேன், வீடு எங்கே நின்றாலும் வந்துவிடுவேன் என்றும் சொன்னாள். எல்லாம் இத்தாலிய மொழியில். இஞ்ஞாசிக்கு ஒரு வார்த்தை விளங்கவில்லை. அமலோற்பவம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தாள், மரியாதைக்கு ஆட்டுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் விடிந்ததும் அவர் சன்னல் கதவைத் திறந்தபோது, எதிரே சதுரக் கோபுரம் இல்லை. வட்டமான ஒரு கோவில் கூரையும், வரிசையாக ஊசியிலை மரங்களும், வெளுத்த துணி தொங்கும் மாடங்களும் கொண்ட வேறொரு ஊர் நின்றது. தப்பான சன்னலைத் திறந்துவிட்டோமோ என்று வீட்டின் எல்லாச் சன்னல்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார். பிறகு முற்றத்தில் இறங்கி, கண்ணுக்கு மேலே கையை வைத்து, தூரத்து முகடுகளையும் சூரியனையும் அளந்தார். தூத்துக்குடித் துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் இழுவைப் படகு ஓட்டியவர் அவர். ஆறு மாடி உயரக் கப்பல்களைக் கயிறு கட்டி இழுத்துக் கரை சேர்த்தவர். பெரிய பொருட்கள் இடம் மாறுவதில் அவருக்குப் பயமும் கிடையாது, ஆச்சரியமும் கிடையாது. எவ்வளவு தூரம், எந்தத் திசை என்பதுதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

"அமலி, வீடு நகந்திருக்கு," என்றார் உள்ளே வந்து.

"எவ்வளவு?"

"கெழக்க ஒரு பன்னெண்டு மைல் இருக்கும்."

"காரு?"

"காரும் வந்திருக்கு. அத்திமரமும் வந்திருக்கு."

"அப்ப சரி. டீ போடுதேன்," என்று அவள் எழுந்து கொண்டையை முடிந்தாள்.

அந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றியிருந்த பதினாலு குன்றூர்களுக்கும் இது பழகிப்போன விஷயம். ஒவ்வொரு ஊரும் தன் குன்றடியில் ஒரு தண்ணீர்க்குழாயை மூடிபோட்டு வைத்திருந்தது, வீடு வந்த காலையில் ஒரு ஆள் போய் இணைத்துவிட்டு வருவான். வீடு வந்த ஊரின் கோவிலில் காலை மணி அடித்து ஓய்ந்ததும் கூடுதலாக இரண்டு அடி அடிப்பார்கள், அதைக் கேட்டு ரொட்டி வண்டிக்காரனும் தபால்காரியும் வண்டியைத் திருப்பிக்கொள்வார்கள். ஈஸ்டரை ஒட்டிய பாஸ்கா காலத்தில் அந்த வீட்டை மந்திரிக்கும் உரிமை எந்தப் பங்குச் சாமியாருக்கு என்று ஒரு தகராறு வந்து ஆயர் வரைக்கும் போனது. பெரிய சனிக்கிழமை காலையில் அது யார் எல்லைக்குள் நிற்கிறதோ அவருக்கு என்று ஆயர் தீர்த்து வைத்தார். ஒருமுறை அது ஒரு ஊரின் கால்பந்து மைதானத்தில், கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஆட்டம் நிற்கவில்லை, கூரையில் பட்டுத் திரும்பும் பந்து ஆட்டத்தில் சேர்த்திதான் என்று அன்றைக்கே ஒரு விதி எழுதிக்கொண்டார்கள். பல்கலைக்கழகத்திலிருந்து நாலு பேர் கருவிகளோடு வந்து வெளியே கூடாரம் போட்டுக் கண் விழித்திருந்து பார்த்தார்கள். நாலு பேரும் ஒரே சமயத்தில் ஒரு தும்மல் தும்மிவிட்டு நிமிர்ந்தபோது முன்னால் வெறும் புல்தரை இருந்தது. பிரியப்போகிற தம்பதிகளை அந்த வீடு சேர்த்து வைக்கும் என்று ஒரு பேச்சு உண்டாயிற்று. அதை நம்பி வந்த ஒரு டச்சுக்காரத் தம்பதி வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து விவாகரத்துக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனதும் அந்தப் பேச்சு ஓய்ந்தது. ஒத்தாவியாவைக் கேட்டால், வீட்டுக்குப் புத்தி இருக்கிறது என்று நினைக்காதீர்கள், அது வீடு, நான்கு சுவரும் கூரையும்தான் என்பாள்.

இஞ்ஞாசி ஊரிலிருந்து கிளம்பும்போதே ஒரு பட்டியல் எழுதி வந்திருந்தார். பயணப் புத்தகம் ஒன்றில் அந்தப் பக்கத்துக் குன்றூர்கள் பத்து போட்டிருந்தது, அவர் பட்டியலில் ஒன்பது இருந்தன. விட்டுப்போன பத்தாவது ஊரின் பெயர் ரோக்காமூத்தா. அமலோற்பவம் பட்டியலைப் பார்த்தாள், எண்ணினாள், ஒன்றும் சொல்லாமல் மடித்து அவர் சட்டைப்பையில் வைத்துவிட்டாள். ரோக்காமூத்தாவில்தான் அவர்களுடைய ஒரே மகள் செசிலி இருந்தாள்.

செசிலியைப் பத்தொன்பது வயதில் இத்தாலி நாட்டு மடம் ஒன்றுக்கு இஞ்ஞாசி மனமுவந்து கொடுத்திருந்தார். அவள் கன்னியாஸ்திரியாக முதல் வார்த்தைப்பாடு கொடுத்த அன்று தெரு முழுக்கப் பந்தல் போட்டு பிரியாணி போட்டார், கன்னியாஸ்திரியின் தகப்பன் என்று கோவிலில் முன்வரிசையில் இடம் விட்டார்கள். ஒன்பது வருடம் கழித்து அவள், எனக்கு இந்த வாழ்க்கை கூடவில்லை அப்பா, ஒவ்வொரு நாளும் பொய் சொல்கிற மாதிரி இருக்கிறது என்று எழுதினாள். அடுத்த கடிதத்தில் மடத்தை விட்டு வந்துவிட்டதாகவும், திராட்சைத் தோட்டம் வைத்திருக்கும் ரெனாத்தோ என்பவரைக் கோவிலில் முறைப்படி கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகவும் எழுதினாள். இஞ்ஞாசி பதில் எழுதவில்லை. அழவில்லை, திட்டவில்லை, ஊரில் யாரிடமும் சொல்லவும் இல்லை. பதினோரு வருடமாக அவளை மடத்திலேயே வைத்திருந்தார். மகள் எப்படி இருக்கிறாள் என்று யாராவது கேட்டால், ஆசுபத்திரியில் சேவை செய்கிறாள், இப்போது ஆப்பிரிக்கா போயிருக்கிறாள், இப்போது நவகன்னியருக்குப் பாடம் எடுக்கிறாள் என்று வருடத்துக்கு ஒன்றாகச் சொல்லி வந்தார். சொல்லச் சொல்ல அந்தச் செசிலிக்கு வயது கூடியது, பதவி கூடியது. அவளை அவருக்குப் பிடித்தும் இருந்தது.

வீடு இரண்டாம் நாள் ஒரு ஊருக்கும் மூன்றாம் நாள் இன்னொரு ஊருக்கும் போயிற்று. கார் ஓட்ட வேண்டிய வேலையே இல்லாமல் போனது. காலையில் டீ குடித்துவிட்டு, எந்த ஊர் வந்திருக்கிறது என்று பார்த்து, ஒற்றையடிப் பாதையில் ஏறிப்போனால், ஊர் வாசலில் நிற்பவர்கள் "வீட்டுக்காரர்கள் வந்துவிட்டார்கள்" என்று கையாட்டி, கோவிலையும் கிணற்றையும் கோட்டைச் சுவரையும் காட்டுவார்கள். இஞ்ஞாசி பட்டியலில் போய்வந்த ஊர்களைக் கோடிட்டு அடித்துக்கொண்டே வந்தார். எல்லா ஊரிலும் உச்சியில் நின்று கீழே பார்த்தால் கடல் தெரியுமோ என்று பார்ப்பார், தெரியாது. ஆனாலும் குன்றுகள் ஒன்றன்பின் ஒன்றாக நீலம் வெளிறிப்போய்க்கொண்டே இருப்பதில் ஏதோ ஒரு தண்ணீர்ச் சாயல் இருந்தது. அவருக்கு மனம் லேசாயிற்று.

நான்காம் நாள் ஒரு ரொட்டிக் கடையில்தான் அது வெளிப்பட்டது. கடைக்காரி ஏதோ கேட்க, அமலோற்பவம் தன்னை மறந்து சரளமாகப் பதில் சொல்லிவிட்டாள். ஒரு வார்த்தை இல்லை, முழுசாக நாலு வாக்கியம். கடைக்காரி சிரித்தாள், இவளும் சிரித்தாள். இஞ்ஞாசி கையில் ரொட்டியோடு அப்படியே நின்றார். கடைக்கு வெளியே வந்து கல்படியில் கால் வைத்ததும் கேட்டார்.

"இந்தப் பாஷை உனக்கு எங்க இருந்து வந்தது?"

"போன்ல வந்தது," என்றாள். "தினம் ஒரு வார்த்தை சொல்லித் தருவா. அரிசி களையும்போது பேசுவோம். பதினோரு வருசம்."

"எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியோ?"

"உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும். நான் பேசுறப்பல்லாம் நீங்க ரேடியோ சத்தத்தைக் குறைப்பிய."

அன்று கோட்டைச் சுவரையும் பார்க்கவில்லை, கோவிலையும் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து பட்டியலை எடுத்து மேசைமேல் வைத்து, நாளைக்குப் பார்க்க வேண்டியது மொந்தேகுர்வோ என்று வீட்டுக்கே கேட்கிற மாதிரி உரக்கச் சொல்லிவிட்டுப் படுத்தார்.

ஐந்தாம் நாள் காலையில் சன்னலுக்கு வெளியே மதில் இருந்தது. கையை நீட்டினால் தொடலாம். மறுபக்கச் சன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை, கிடுகிடு பள்ளம். முன்வாசலைத் திறந்தால் ஒரு மண்பாதை மேலே ஊருக்கு ஏறியது, பின்வாசலான சமையற்கட்டுக் கதவைத் திறந்தால் அதே மண்பாதை, சரிவு சரிவாகப் பழுத்துக் கறுத்துத் தொங்கும் திராட்சைத் தோட்டத்துக்குள் இறங்கியது. பாதையின் அகலம் எவ்வளவோ அவ்வளவுக்கு வீடு வந்து அடைத்துக்கொண்டு நின்றது, புட்டிக்கு மூடி போட்ட மாதிரி. முன்வாசல் பக்கம் ஒதுங்கியிருந்த முற்றத்தில் அத்திமரமும் காரும் நின்றன. பாதை ஓரத்தில் ஊர்ப்பெயர்ப் பலகை ஒன்று இருந்தது. இஞ்ஞாசிக்குப் பாஷை தெரியாது, ஆனால் எழுத்துக் கூட்டத் தெரியும். ரோக்காமூத்தா.

கதவைச் சாத்தினார். சன்னல்களைச் சாத்தினார். சமையற்கட்டு மேசையில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார்.

"நான் மேல போயிட்டு வாரேன்," என்றாள் அமலோற்பவம், நல்ல சேலை உடுத்திக்கொண்டு.

"போ."

"நீங்க?"

"எனக்கு முட்டி வலிக்கு."

அவள் போய்விட்டு, சாயங்காலம் கண் சிவந்து முகம் மலர்ந்து, கையில் ஒரு பாத்திரத்தோடு வந்தாள். பாத்திரத்தில் மீன்குழம்பு இருந்தது. எந்த மீன், எங்கே கிடைத்தது, புளிக்கு என்ன செய்தாள் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை, சாப்பிட்டார், பாத்திரத்தைத் தானே கழுவிக் கவிழ்த்தார். கார்ச் சாவி மேசைமேலேயே கிடந்தது. முற்றத்திலிருந்து ஊர் வழியாகப் பெரிய சாலைக்குப் போக வழியும் இருந்தது. அவர் ஏன் அந்தச் சாவியை எடுக்கவில்லை என்று பிற்பாடு யாரும் அவரைக் கேட்கவில்லை, அவரும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

மறுநாளும் வீடு அங்கேயே நின்றது. காலையில் ஊர்த்தலைவர் ஃபௌஸ்தோ வந்தார். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவதும் அவர்தான். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, விருந்தாளிகளைத் தொந்தரவு செய்வதற்கு மன்னிக்க வேண்டும் என்று ஆரம்பித்தார். அமலோற்பவம் மொழிபெயர்த்தாள்.

"அறுவடையாம். நாலு நாள்ல பெரிய மழை வருதாம். அதுக்குள்ள குலையெல்லாம் அறுத்து மேல ஆலைக்குக் கொண்டுபோகணும். தோட்டத்துக்கு இந்த ஒரு பாதைதானாம். டிராக்டர் இறங்க வழியில்ல."

"வீட்டை நானா கொண்டாந்து நிறுத்தினேன்?"

"உங்களைக் குத்தம் சொல்லல. வீடு எப்பப் போகும்னு யாருக்கும் தெரியாதாம், ஒருக்கா பதினேழு நாள் நின்னிருக்காம். அதனால ஒரு யோசனை சொல்லுதாரு."

"என்னவாம்?"

"வீட்டுக்குள்ள வழியாப் போய்க்கிடுதோம்ங்காரு. சமையக்கட்டுக் கதவால வந்து முன்வாசலால போயிருவாவளாம். கால்மிதியில காலைத் தொடச்சிட்டுத்தான் வருவாவளாம்."

இஞ்ஞாசி யோசித்தார். நியாயம் நியாயம்தான். எந்தக் கப்பல் துறைமுக வாயை அடைத்துக்கொண்டு நின்றாலும் மற்றக் கப்பல்களுக்கு ஏதாவது ஒரு வழி செய்துகொடுக்க வேண்டும். தலையை அசைத்தார். அவரும் ஃபௌஸ்தோவுமாகச் சேர்ந்து விரிப்பைச் சுருட்டி ஓரம் வைத்து, நாற்காலிகளைச் சுவரோடு சேர்த்தார்கள். இஞ்ஞாசியின் நாற்காலி ஒன்று மட்டும் மேசையடியில் சுவரைப் பார்த்துக் கிடந்தது, அதை அவர் விடவில்லை.

அன்றைக்கு மதியத்திலிருந்து ஊரே வீட்டுக்குள் நடந்தது. திராட்சைக் குலைகள் நிறைந்த மரப்பெட்டியை இடுப்பில் ஏந்திக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் வந்தார், பள்ளிக்கூட டீச்சர் வந்தாள், சாமியார் அங்கியை முழங்காலுக்கு மேலே முடிந்துகொண்டு வந்தார். ஒவ்வொருவரும் சமையற்கட்டு வாசலில் நின்று, காலைத் துடைத்து, "பெர்மெஸ்ஸோ" என்று ஒரு வார்த்தை சொல்லி, ஒரு நொடி தயங்கி, உள்ளே வந்து, மேசையைச் சுற்றி நடந்து முன்வாசலால் வெளியேறினார்கள். வெளியே டிராக்டரில் ரெனாத்தோ நின்று பெட்டிகளை வாங்கி அடுக்கினான். வெறும் பெட்டியோடு திரும்பி வரும்போதும் அதே வார்த்தை, அதே தயக்கம். வீடெங்கும் புளிப்பும் இனிப்புமாக ஒரு வாசனை ஏறியது. குளவிகள் பின்னாலேயே வந்து, மேசையைச் சுற்றி, முன்வாசலால் போயின.

"அது என்ன வார்த்தை? எல்லாரும் சொல்லுதாவளே," என்று இஞ்ஞாசி கேட்டார்.

"'உள்ள வரலாமா'ன்னு கேக்காவ."

"நான் என்ன சொல்லணும்?"

"'ஆவான்தி'ன்னு சொல்லணும். வாங்கன்னு அர்த்தம். நீங்க ஒண்ணும் சொல்லாததாலதான் எல்லாரும் ஒரு நிமிசம் நின்னு பாக்காவ."

அவர் அந்த வார்த்தையை இரண்டு தடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார். அதன்பிறகு வந்த எல்லோருக்கும் சுவரைப் பார்த்தபடியே "ஆவான்தி" என்றார். சொல்லச் சொல்ல நடை வேகம் பிடித்தது. பிறகு ஒரு குரல் வந்தது. மற்றவர்கள் சொன்ன அதே "பெர்மெஸ்ஸோ"தான், ஆனால் அதன் நடுவிலிருந்த ரகரம் தூத்துக்குடியில் பிறந்த ரகரம். இஞ்ஞாசியின் வாய் மூடிக்கொண்டது. பிறகு காலடிச் சத்தம் மேசையைச் சுற்றிப் போயிற்று.

இப்படியே அன்றும் மறுநாளும் நடந்தது. எல்லோருக்கும் பதில், அவளுக்கு மட்டும் மௌனம். அவளும் நின்று பேசவில்லை. மழை வருவதற்குள் பழம் மேலே போக வேண்டும் என்ற அவசரம் எல்லோரையும் போல அவளுக்கும் இருந்தது. வியாழக்கிழமை ஒத்தாவியா சொன்னபடி வந்தாள். பெட்டி சுமந்தவர்களின் வரிசையில் தானும் நின்று, முறை வந்ததும் உள்ளே நுழைந்து, படுக்கை விரிப்பை மாற்றிவிட்டு, போகிற போக்கில் ஒரு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனாள். அமலோற்பவம் பெரிய பானையில் இஞ்சி தட்டிப்போட்டு டீ கொதிக்க வைத்து எல்லோருக்கும் ஊற்றிக் கொடுத்தாள். முதலில் மூக்கைச் சுளித்தவர்கள் மறுசுற்றில் தம்ளரை நீட்டினார்கள். இரண்டே நாளில் அந்த ஊருக்கு வீட்டுக்குள் நடந்து போவதுதான் வழக்கம், பாதையில் நடப்பது எப்போதோ இருந்த ஏற்பாடு என்பது போல ஆகிவிட்டது. மேசை முனையில் யார் இடுப்பும் இடிப்பதில்லை.

இஞ்ஞாசி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் சுவரில் ஒரு கண்ணாடி போட்ட அலமாரி இருந்தது. அதில் அவர் பார்த்தார். செசிலிக்கு முன்நெற்றி நரைத்திருந்தது. இடுப்பு தடித்து, கை இரண்டும் முழங்கை வரை ஊதாவாகியிருந்தது. அவர் ஊரில் வளர்த்துவந்த செசிலி வெள்ளை உடுப்பில், மெலிந்து, நெற்றியில் ஒரு சுருக்கம் இல்லாமல் இருந்தாள். கண்ணாடியில் போகிறவள் அவளில்லை. கண்ணாடியில் போகிறவள் பெட்டியை இடுப்பில் வைக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து உதட்டைக் கடித்தாள், அவருடைய தாயார் மீன்கூடையை ஏற்றும்போது கடித்த அதே கடி. இது அவருக்குத் தெரியாதிருந்தது. பதினோரு வருடத்தில் அவர் கட்டிச் சொன்ன எந்தக் கதையிலும் இது வரவில்லை.

சுமக்க ஆரம்பித்த மூன்றாம் நாள் காலையில் மேற்கே மேகம் கன்னங்கரேலென்று எழுந்தது. ஒரு நாள் முந்தி வருகிறது என்றார் ஃபௌஸ்தோ. அறுத்த குலைகளெல்லாம் பெட்டியோடு வீட்டுக்குப் பின்னால் குவிந்திருந்தன. ஊர் மொத்தமும் ஓட்டமும் நடையுமாகச் சுமந்தது. "பெர்மெஸ்ஸோ", "ஆவான்தி", "பெர்மெஸ்ஸோ", "ஆவான்தி" என்று கோவிலில் மாறி மாறிச் சொல்லும் லுத்தினியா ஜெபம் மாதிரி வீடு முழுக்கக் குரல் ஓடியது.

செசிலி வாசலுக்கு வந்தாள். "பெர்மெஸ்ஸோ."

இஞ்ஞாசி பேசவில்லை.

அவள் உள்ளே வரவில்லை. பெட்டியை இடுப்பில் ஏந்தியபடி நிலைப்படிக்கு அந்தப் பக்கமே நின்றாள். அவளுக்குப் பின்னால் டீச்சர் வந்து நின்றாள், டீச்சருக்குப் பின்னால் மருந்துக்கடைக்காரர், அவருக்குப் பின்னால் சாமியார், அவருக்குப் பின்னால் பாதை வளைவு வரைக்கும் ஊர். யாரும் தள்ளவில்லை, யாரும் என்னவென்று கேட்கவில்லை. அவள் நின்றுவிட்ட பிறகு, கேட்டதற்குப் பதில் வராமல் ஒருவர் உள்ளே போக முடியாது என்பது எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயமாகத்தான் இருந்தது. மழையின் முதல் துளிகள் பெட்டிகளின் மேல் தொப் தொப்பென்று விழுந்தன. முன்வாசலில் ரெனாத்தோ டிராக்டரை அணைத்துவிட்டு இறங்கி நின்றான்.

"இத்தனை நாளும் வந்தேன்லா," என்றாள் செசிலி, தமிழில். "அது அவசரத்துக்கு வந்தது. இனிமே நீங்க சொன்னாத்தான் வருவேன்."

அமலோற்பவம் கரண்டியைக் கையில் பிடித்தபடி அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் மொழிபெயர்க்க அங்கே ஒன்றும் இல்லை.

இஞ்ஞாசி நாற்காலியைத் திருப்பினார். கண்ணாடியில் பார்த்ததற்கும் நேரில் பார்ப்பதற்கும் வித்தியாசம் இருந்தது. அவருக்கு "ஆவான்தி" என்ற வார்த்தை வாய் வரை வந்தது. வேறு யாருக்கோ சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன அந்த வார்த்தையை இவளுக்குச் சொல்ல அவரால் முடியவில்லை.

"உள்ள வா பிள்ள," என்றார்.

அவள் காலைத் துடைத்தாள். மிக நன்றாக, இரண்டு காலையும் துடைத்தாள். உள்ளே ஒரு அடி வைத்ததும் அவர் எழுந்து வந்து பெட்டியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருமாக மேசையைச் சுற்றி நடந்தார்கள். அவர் பின்பக்கமாகவே நடக்க வேண்டியிருந்தது. "எடது பக்கம், எடது பக்கம், படி இருக்கு, பாத்து," என்று அவள் வழி சொன்னாள். பின்னால் ஊர் மறுபடி நகர ஆரம்பித்தது, எல்லோரும் வாசலில் கேட்டார்கள், அமலோற்பவம் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது பெட்டியைத் தூக்கும்போது இஞ்ஞாசி, அவள் முகத்தைப் பார்க்காமல், "ஊர்ல நீ இன்னும் மடத்துலதான் இருக்க," என்றார்.

"தெரியும்பா. அம்மா சொன்னா."

"ஆப்பிரிக்காவுக்கெல்லாம் அனுப்பிட்டேன்."

"அதுவும் சொன்னா."

"போன வருசம் உன்னைய மதர் சுப்பீரியர் ஆக்கிட்டேன். அது அம்மாவுக்கும் தெரியாது."

செசிலி பெட்டியைத் தரையில் வைத்துவிட்டாள். வைத்துவிட்டு, முன்வாசல் நிலையில் சாய்ந்து, மழை முகத்தில் அடிக்க, சிரித்தாள். சிரித்துக்கொண்டே குனிந்தாள், குனிந்தவள் நிமிரச் சற்று நேரமாயிற்று. நிமிர்ந்தபோது முகம் முழுக்க ஈரமாக இருந்தது. ஊதாக் கையால் துடைத்ததில் கன்னமும் ஊதாவாயிற்று.

"எந்த மடத்துக்கு?" என்றாள்.

"அது சொல்லல. பெரிய மடம்னு மட்டும் சொல்லியிருக்கேன்."

"இனி என்ன சொல்லுவிய?"

அது அவ்வளவு சீக்கிரம் சொல்லக்கூடிய பதில் இல்லை. ஊரில் முன்வரிசை இருந்தது, முன்வரிசையில் அவரோடு இருபது வருடம் உட்கார்ந்தவர்கள் இருந்தார்கள். பெட்டியின் முனையைத் தூக்கி, "மழை பெலக்குதுல்லா, பிடி," என்றார்.

மதியம் இரண்டு மணிக்குக் கடைசிப் பெட்டி மேலே போயிற்று. டிராக்டரின் பின்னாலேயே எல்லோரும் மழையில் நனைந்துகொண்டு ஏறி, திராட்சை ஆலையின் நீண்ட மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அமலோற்பவம் எப்போதும் போல பாஸ்போர்ட்டும் மாத்திரைகளும் இருந்த கைப்பையை மடியிலேயே வைத்திருந்தாள். ரெனாத்தோ மாமனாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பேச ஒரு பாஷையும் இல்லாததால், அவர் தட்டில் ஏதாவது குறையும்போதெல்லாம் அதை நிரப்பிக்கொண்டிருந்தான். சூப் வந்து, இறைச்சி வந்து, பழம் வரும் நேரத்தில் ஃபௌஸ்தோ வெளியே போய்ப் பார்த்துவிட்டு வந்து, தொப்பியை உதறிக்கொண்டே, பாதை திறந்துவிட்டது என்றார். ஓகோ என்றார்கள் இரண்டு மூன்று பேர். யாரோ ரொட்டியை இந்தப் பக்கம் தள்ளச் சொன்னார்கள். வீட்டோடு பெட்டி படுக்கை போயிருந்தது, கார் போயிருந்தது. எந்த ஊரில் மணி கூடுதலாக அடிக்கிறதோ அங்கே போய் எடுத்துக்கொள்ளலாம், காலையில் தெரிந்துவிடும் என்று டீச்சர் சொல்ல, அமலோற்பவம் அதைக் கணவருக்குச் சொன்னாள். இஞ்ஞாசி ஆலையின் வாசல் வரை போய்க் கீழே பார்த்தார். வெறும் மண்பாதை, மழைத் தண்ணீர் சலசலவென்று ஓடிக்கொண்டிருந்தது.

மறுநாள் வெயில் வந்தது. எந்தக் குன்றிலிருந்தும் கூடுதல் மணி கேட்கவில்லை, வீடு இன்னும் எங்கும் போய்ச் சேரவில்லை போல என்றார்கள். தொட்டிகளைக் கழுவும் வேலை இருந்தது. மாற்றிக்கொள்ள உடுப்பில்லாத இஞ்ஞாசிக்கு ரெனாத்தோவின் சட்டை ஒன்றை எடுத்துக் கொடுத்திருந்தார்கள். அவன் ஆறடிக்கு மேல் உயரம், சட்டைக் கை இவர் விரல்களைத் தாண்டித் தொங்கியது. அப்படியே வந்து ஆலை முற்றத்தில் நின்று, எந்தத் தொட்டியிலிருந்து ஆரம்பிப்பது என்று பார்த்தவரை செசிலி தடுத்து நிறுத்தினாள்.

"கையை நீட்டுங்க," என்றாள்.

அவர் நீட்டினார். அவள் அவசரமில்லாமல், ஒரு மடிப்பு, இன்னொரு மடிப்பு, இன்னொரு மடிப்பு என்று முழங்கை வரை மடித்துவிட்டாள். பிறகு மற்றக் கையையும் கேட்டாள்.